இறகு என்று பேர் வைத்த வண்டி

மக்கா,

உன் கடிதம் ஆனி மாசக் கடைசியில் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குத் தபால்காரரைக் குறை சொல்லாதே. அவர் ஒழுங்காகத்தான் கடைவாசலில் சைக்கிளை நிறுத்திக் கொண்டுவந்து தந்தார். நான்தான் வாசித்துவிட்டு மடித்து வைப்பதும், மறுபடி எடுத்து வாசிப்பதுமாக இருந்தேன். பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் நீ கேட்டது ஒன்றுதான். அங்கே ஜப்பானிலேயே ஹருகோவைக் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா, இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறட்டுமா? மலேயாவுக்குப் போன அண்ணன் வராமல் உனக்குக் கல்யாணம் என்ற பேச்சையே அப்பா எடுக்கவிட மாட்டார் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டிருக்கிறாய். அம்மா ஒரு வார்த்தை சொல்லு, அதன்படி நடக்கிறேன் என்கிறாய். ஒரு வார்த்தையாம். பெற்றவளிடம் என்றால் எந்தப் பாரத்தையும் லேசாகத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இவ்வளவு தாளும் மையும் வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசி. ஹருகோவுக்கும் அவள் பாஷையில் வாசித்துச் சொல். அவளைப் பற்றிய சில வரிகள் கசப்பாக இருக்கும், அதையும் விடாமல் சொல்.

ஊரில் எல்லாரும் ஐப்பசி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். நம் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரப்போகின்றன. தக்கலைக் கடைத்தெருவில் இரண்டு பேர் நின்றால் அதே பேச்சு. உன் அப்பா மட்டும் அதில் கலந்துகொள்வதில்லை. மகாராஜா ஆண்ட காலத்தில் கிளம்பிப் போன பிள்ளை, திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் இது எந்த ராஜ்யம் என்று தெரியாமல் முழிப்பானே என்றுதான் அவருக்குக் கவலை. உன்னைச் சொல்லவில்லை, அண்ணனைச் சொல்கிறார்.

நாற்பத்தேழில் குலசேகரத்துக்காரர் ஒருவர் மலேயாவிலிருந்து திரும்பி, நம் சைக்கிள் கடையை விசாரித்துக்கொண்டு வந்த நாள் உனக்கும் மறந்திருக்காது. உன் அண்ணன் தாணு கணக்கு எழுதிய ரப்பர் தோட்டத்திலேயே பால் வெட்டினவர் அவர். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு, சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகச் சனங்களை ஏற்றிக்கொண்டு போன கதையை முதலில் அவர் வாயால்தான் கேட்டோம். காடு, விடாத மழை, வாந்திபேதி, முதுகில் விழும் மூங்கில் கம்பு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் உள்ளே போய் பங்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தாணுவுக்குக் காய்ச்சல் கண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு மூங்கில் தட்டியில் வைத்துக் கொண்டுபோனார்களாம். அங்கே போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை.

"செத்ததை நீரு கண்டீரா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லண்ணே, காணல்ல."

"பின்னே?"

அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மக்கா, அந்தப் 'பின்னே'யைப் பிடித்துக்கொண்டுதான் உன் அப்பா இத்தனை வருஷமும் நின்றார். செத்ததை யாரும் பார்க்கவில்லை, அதனால் பிள்ளை உயிரோடு இருக்கிறான். கருமாதி கிடையாது, அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற பலியும் கிடையாது. மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டு அம்மன் கோவிலுக்குப் போய், தலைவலிக்காரப் பிள்ளை என்று அவன் பேரில் மண்டையப்பம் அவித்து வைத்துவிட்டு வருவேன். சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டும், அப்புறமும் வராவிட்டால் தர்ப்பையில் ஆள் செய்து காரியத்தை முடித்துவிட வேண்டும், அதுதானே நம் வழக்கம் என்றார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கா என்று அப்பா சீறினால் அதற்கு மேல் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வராது. ஏனென்றால் எனக்கும் அது பிடித்திருந்தது. அவர் நம்புகிற வரை நானும் நம்பலாம் அல்லவா?

அந்த நம்பிக்கையின் அடியில் நசுங்கினது நீ. வில்லுக்குறி அத்தை மகளை உனக்கு என்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தது. பெண்ணுக்கு வயசு வந்ததும் அத்தை வெற்றிலை பாக்கோடு வந்தாள். மூத்தவன் இருக்க இளையவனுக்கு எப்படிக் கல்யாணம் பண்ணுவது, அவன் வரட்டும், இரண்டையும் ஒரே பந்தலில் வைப்போம் என்று கூடப்பிறந்தவளைத் திருப்பி அனுப்பினார் உன் அப்பா. அண்ணன் இருந்தால் தம்பி காத்திருப்பது நம் ஊர் முறை, அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் இருக்கிறானா என்பதே தெரியாதபோது அந்த முறைக்கு என்ன பொருள்? அத்தை பொறுத்துப் பார்த்தாள். பெண்ணும் பொறுத்தாள். கடைசியில் பூதப்பாண்டியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்து அவளைக் கட்டிக்கொண்டு போனது. அந்தக் கல்யாணப் பந்தியில் நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயசம் விளம்பினாய். மாப்பிள்ளை இலைக்கும் நீதான் விளம்பினாய். யாராவது உன்னைப் பாவம் என்று சொல்லிவிடக் கூடாது என்று சிரித்துக்கொண்டே ஓடி ஓடிச் செய்தாய். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் நீ கொழும்புக்குப் போனாய். சைக்கிள் சாமான் இறக்குமதி செய்கிற ஒரு வியாபாரியிடம் வேலை என்றாய், சந்தோஷப்பட்டோம். அந்த வியாபாரி சரக்குப் பார்த்து வாங்க உன்னை ஜப்பானுக்கு அனுப்பப்போகிறார் என்று கடிதம் வந்தபோது வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆனது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. விலை சல்லிசு என்று ஊரெல்லாம் ஜப்பான் பெல்லும் செயினும் தொங்கவிட்டபோது, நம் கடையில் அதைக் கேட்டு வந்தவர்களை அவர் வாசலோடு விரட்டினார். அந்த நாட்டின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார், "அந்த ஊரு" என்பார். மூத்தவனை அந்த ஊர்க்காரன் கொண்டு போனான், இளையவன் தானே நடந்து போகிறான் என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த சைக்கிளின் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் கோட்டம் ஒன்றும் இல்லை.

அங்கே போனதும் உனக்குச் சரக்குப் பார்க்கும் வேலை சலித்துவிட்டது. ரிம் செய்கிற ஒரு பட்டறைக்குப் போன இடத்தில், காருக்குக் கம்பிச் சக்கரம் கேட்டு வந்திருந்த ஆட்களைப் பார்த்தாய். சக்கரத்தைச் சரியாகக் கோட்டம் எடுக்கத் தெரிந்த கை அவர்களுக்குத் தேவைப்பட்டது. தக்கலை சைக்கிள் கடையில் கால்சட்டை போட்ட வயசிலிருந்து செய்த வேலை உன்னை டோக்கியோவுக்கு இழுத்துக்கொண்டு போனது. முதல் கடிதத்தில் நீ கார் என்று எழுதியதை நான் நம்பவில்லை. சக்கரம் மோட்டார் சைக்கிளுக்குப் போடுவது மாதிரி, உயரமாக, ஒல்லியாக. கதவு தகடு. கூரை கித்தான் துணி. இருக்கை என்பது இரும்புக் குழாயில் துணியை இழுத்துக் கட்டியது, அதுவும் இரண்டே பேருக்கு. பறக்கிற இறகு என்று அர்த்தம் வருகிற ஒரு இங்கிலீஷ் பேரை அதற்கு வைத்திருப்பதாக எழுதினாய். படம் போட்டும் அனுப்பியிருந்தாய். விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி பிதுங்கிக்கொண்டு நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஏனோ அதன்மேல் ஒரு பிரியமும் வந்துவிட்டது.

அந்த வண்டி பிறந்த கதையை நீ எழுதினதை நான் அடுத்த வீட்டுக்காரிகளுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். யுத்தம் முடிந்து, இங்கே நாகர்கோவில் பஸ் கரிப்புகையில் ஓடின மாதிரி அங்கேயும் கரியில் வண்டி ஓடிக்கொண்டிருந்த சமயம். எரிந்துபோன ஊரில், பெரிய கார் கம்பெனி ஒன்றில் விற்பனை பார்த்த ஒருவரும், காருக்கு உருவம் வரைகிற ஒருவரும் சேர்ந்து, சாதாரண சனம் ஓட்டுகிற மாதிரி ஒரு வண்டி செய்யப் புறப்பட்டார்கள். மச்சில் வைத்தே முதல் வண்டியைக் கட்டிவிட்டு, கீழே இறக்க வழியில்லாமல் சுவரை இடித்தார்களாம். இதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும். சின்ன எஞ்சின் வண்டிக்கு வரி குறைவு, மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும் என்று அந்த அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருந்ததும் அவர்களுக்குத் தோதாகிவிட்டது. வண்டியில் வைக்கிற ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இது இல்லாமல் ஓடுமா என்று கேட்பார்களாம். ஓடும் என்றால் அதை வைக்க மாட்டார்கள். அப்படித்தான் ரேடியேட்டர் போயிற்று, கண்ணாடி போயிற்று, மெத்தை போயிற்று. இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நீயும் அங்கே உட்கார்ந்துகொண்டு, அம்மா இல்லாமல் ஓடுமா, அப்பா இல்லாமல் ஓடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்திருப்பாயோ என்று தோன்றியது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஓடும் என்றுதான் உனக்குப் பதில் கிடைத்திருக்கும். பிள்ளைகளுக்கு அப்படிக் கிடைப்பதுதான் நல்லது.

உன் கடிதங்களை அப்பா வாசிக்க மாட்டார். ஆனால் நான் வாசிக்கும்போது எழுந்து போகவும் மாட்டார். கடையில் ஒரு பெடலைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார். இரண்டு நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத நேரத்தில், "ஏட்டி, ரேடியேட்டர் இல்லாம அது எப்பிடித் தணுக்கும்னு கேளு" என்பார். யார், எது என்று சொல்ல மாட்டார். நான் அதை உனக்கு எழுதுவேன். எஞ்சின் பின்னால் இருக்கிறது, முன்னூற்றைம்பது சி.சி., இரண்டு சிலிண்டரும் விரித்து வைத்த இரண்டு விரல் மாதிரி நிற்கின்றன, அவற்றைச் சுற்றித் தகடு தகடாக வார்த்திருப்பதால் காற்றிலேயே சூடு இறங்கிவிடும் என்று நீ பதில் எழுதுவாய். அதை நான் வாசிப்பேன், அவர் பெடலைக் கழுவுவார். நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது அசையாது என்பதை எழுதினாயே, அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசாத பேச்சையெல்லாம் இப்படி அந்தச் சின்ன வண்டியை வைத்துப் பேசித் தீர்த்தீர்கள். அந்த ஒன்றரை வருஷமும் நம் வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

முன்சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றுதான் அவர் பொறுமை போயிற்று. பாரமெல்லாம் பின்னால் இருப்பதால் பின்பிரேக்கே போதும் என்று நீ சமாதானம் சொல்லியிருந்தாய். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"பிரேக்கு பிடிச்சா பாரம் முன்னாலதான் வரும். சைக்கிள் ஓட்டுகவனுக்கே தெரியும். முன்னால பிரேக்கு இல்லாத வண்டியில எனக்க பிள்ளையை ஏத்தி ஓட்ட வைக்கானுவளா? குமாரகோவில் இறக்கத்துல வந்து ஓட்டிக் காட்டச் சொல்லு."

நான் அதை அப்படியே எழுதினேன். மழையில் ஒருமுறை சறுக்கியது, அப்பா சொன்னது சரிதான் என்று நீ எழுதினாய். உங்கள் வழக்கில் யார் ஜெயித்தது என்பது எனக்குப் பெரிதில்லை. அவர் 'எனக்க பிள்ளை' என்றார் அல்லவா? நீ போன பிறகு அவர் உன்னை அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் நீ அன்றே தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்தச் சொல்லின் கீழே கோடு போட்டு அனுப்பினேன்.

அப்புறம் அந்த வண்டியும் நின்றது. செய்தது ஐம்பதைக்கூடத் தொடவில்லை என்று எழுதினாய். கார் வாங்கக் காசு உள்ளவனுக்குக் கார் மாதிரி இருக்கிற கார்தான் வேண்டியிருந்தது. காசில்லாதவனுக்கு இறகும் எட்டவில்லை. செய்து கொடுத்த பட்டறைக்கு வேறொரு பெரிய வேலை கைவிட்டுப் போனதும், இதையும் தொடர முடியாமல் மூடிவிட்டார்கள். ஊர்க் கண்காட்சியில் சனம் சுற்றி நின்று பார்த்த வண்டி, இரண்டு வருஷத்தில் பழைய இரும்பாகிவிட்டது என்று ஒப்பாரி வைத்து எழுதியிருந்தாய். நான் அதை வாசித்ததும் அப்பா கடையிலிருந்து இறங்கித் தெருவில் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தார். இனி ஊருக்கு வருவானா என்று கேட்டார். எனக்கும் அதே ஆசைதான். வண்டி போனதே என்று உனக்காக வருத்தப்பட்ட அதே மனசு, பிள்ளை வந்துவிடுவான் என்று உள்ளுக்குள் குதித்தது. நீ வரவில்லை. அந்த வண்டிக்குக் கித்தான் கூரை தைத்துக் கொடுத்த பெண்ணைப் பற்றி எழுதினாய்.

ஹருகோவைப் பற்றி எழுதியதில் என்னைப் போட்டு அடித்தது அவள் அண்ணன் கதைதான். பர்மாவுக்குச் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. அரசாங்கத்திலிருந்து வெள்ளைத் துணி சுற்றிய ஒரு மரப்பெட்டி வந்தது. எலும்பு என்று நினைத்துத் திறந்தால் உள்ளே ஒரு கல் கிடந்தது. அவள் தாய் அந்தக் கல்லையே பிள்ளை என்று அடக்கம் செய்து, பூவும் சோறும் வைத்துக் கும்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். மக்கா, உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். தாணுவின் முதுகில் விழுந்த கம்பு அந்த அண்ணன் கையில் இருந்ததா, அவன் கூட்டாளி கையில் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? அந்த வீட்டிலிருந்தா எனக்கு மருமகள் வரவேண்டும்? கடிதத்தைக் கிழித்துவிடப் போனேன். இதை ஹருகோவிடம் மறைக்காதே. மாமியார் நல்லவள் என்று பொய் சொல்லி ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளாதே. அவளுக்குத் தெரிந்தே இருக்கட்டும், அப்புறம் நான் அவள்மேல் கொள்ளப்போகும் பிரியத்தையும் அவள் நம்புவாள்.

ஆத்திரம் அடங்க நாள் ஆனது. அடங்கின பிறகு வந்தது அதைவிட மோசம். எனக்கு அந்தத் தாய்மேல் பொறாமை வந்தது. அவளுக்கு ஒரு கல்லாவது கிடைத்ததே. அதை மடியில் வைத்து அவள் அழுதிருப்பாளே. போனவன் போய்விட்டான் என்று ஊர் கூடி அவளுக்குச் சொல்லியிருக்குமே. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஒன்பது வருஷமாக ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எட்டிப் பார்த்தேன். கண்ணீர் வந்தால், உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக அழக்கூடாது என்று அப்பா வைவார். பெற்ற பிள்ளைக்கு வாய்விட்டு அழக்கூட எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று. அந்த ஜப்பான்காரி அழுதுவிட்டு, எழுந்து, மகளுக்குக் கல்யாணம் பேசுகிறாள். நான் அழவும் இல்லை, எழவும் இல்லை.

உன் கேள்வியோடு அந்தக் கடிதம் வந்ததும் அப்பாவிடம் காட்டினேன். வழக்கம்போல, மூத்தவன் வரட்டும் என்றார். கடையில் அப்போது ஆள் இல்லை. நான் குரலை உயர்த்தவில்லை.

"கேட்டியளா, பன்னெண்டு வருஷமும் முடிஞ்சாச்சு. மூத்தவனை நீங்க உயிரோட வெச்சிருக்கிய. நான் அதைக் கேக்கல்ல. இளையவனை ஆருகிட்டப் போய்க் கேப்பேன்?"

அவர் அன்றும் மறுநாளும் சாப்பிட வரவில்லை. அவர் எதிரே போய் நின்றால் எழுந்து போய்விடுவார். நான் விடவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையை நீங்கள் கண்ணெதிரே சாக அடிக்கிறீர்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் ஒரு ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"திற்பரப்பு அருவிக்குப் போய்ப் பலி போடுவோம். ஆனா அவனுக்க பேரைச் சொல்ல எனக்கு ஏலாது. நீ சொல்லுவியா?"

போனோம். நல்ல சனம். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. தந்தைக்கும் தாய்க்கும் பலியிட வந்தவர்கள்தான் அங்கே முக்கால்வாசிப் பேரும். பிள்ளைக்கு என்று வந்த நாங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்தோம். சடங்கு செய்து வைக்கிற போற்றி தர்ப்பையை மடக்கி, தலை, கை, கால் என்று கட்டி, ஒரு சின்ன உருவம் செய்து வாழையிலையில் கிடத்தினார். அவ்வளவு உயரமான பிள்ளை, மக்கா, வாசல் நிலையில் தலை இடிக்கும் என்று குனிந்து வருவானே, ஒரு சாண் நீளத்தில் கிடந்தான். யார் பேருக்கு, என்ன நட்சத்திரம் என்று போற்றி கேட்டார். அப்பா ஈரக்கையோடு என்னைப் பார்த்தார். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டி, மடியில் வைத்து, அவன் காதில் மூன்று தடவை அந்தப் பேரைச் சொன்னவர் இவர்தான். இன்றைக்கு அது என் வாயில் வந்து நின்றது. சொன்னால் முடிந்துவிடும். சொல்லாமல் எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைக்காத தாய் உண்டா? அருவிச் சத்தத்தில் போற்றிக்குக் கேட்கவில்லை என்பதால் இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. தாணு, உத்திரட்டாதி. சத்தமாகச் சொன்னேன்.

அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டார். சோற்று உருளையை வைத்துக் காக்கையைக் கைதட்டிக் கூப்பிட்டார். காக்கை வர நேரமாயிற்று. வந்து எடுத்ததும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். இத்தனை வருஷத்து அழுகை. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். இலையோடு தண்ணீரில் விட்டுவிட்டு, மூழ்கி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்றார் போற்றி. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பாறை மறைத்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர், குலசேகரம் தாண்டினதும், உனக்கு எழுதச் சொன்னார். "பண்ணிக்கிடட்டும். ஆனா இங்க கூட்டிட்டு வரவேண்டாம். அவளைக் கண்டா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது." நான் அவரோடு சண்டை போடவில்லை. அவரால் அன்றைக்குத் தர முடிந்ததை எல்லாம் அருவிக்கரையில் தந்துவிட்டார். ஒரு மனிதனிடம் ஒரே நாளில் அதற்கு மேல் கேட்கக் கூடாது. நீயும் கேட்காதே. உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், இல்லாத ஒன்றுக்காக இருக்கிற ஒன்றைக் காக்க வைக்காதே. ஹருகோவின் தாய்க்கு நீ மருமகனாக மட்டும் இருக்காதே, அவள் அந்தக் கல்லுக்குப் பூ வைக்கும்போது பக்கத்தில் போய் நில். யாருடைய பிள்ளை என்று பார்க்காதே.

நீ கேட்ட வார்த்தை இதுதான். கல்யாணம் செய்துகொள். ஊருக்கு வராதே. அப்பா கூப்பிடுகிற வரை வராதே, கூப்பிடாமலே போனாலும் எங்கள்மேல் கோபப்படாதே. உன் முகத்தை இனி நான் பார்ப்பேனா என்று எனக்குத் தெரியாது. பார்க்காமல் போனால் அந்தத் துக்கத்தை எனக்கே விட்டுவிடு, நீ பங்குக்கு வர வேண்டாம். அவள் கையைப் பிடிக்கும்போது அண்ணன் இருக்கிறானே என்று உன் கை நடுங்கக் கூடாது. இப்போது அண்ணன் இல்லை. உனக்கு வழிவிட வேண்டும் என்று, அருவிச் சத்தத்துக்கு மேலே என் குரலை உயர்த்தி, இரண்டு தடவை பேர் சொல்லி, நானே அவனை அனுப்பி வைத்துவிட்டேன்.

அம்மா